மாரியில் உலர்த்தற் கொட்டிலைச் சூடாக்கச் சிக்கனமான வழி

பெரும்போகத்தில் நடப்பட்ட மிளகாய் மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும் சிவக்கத் தொடங்குகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று மழையும் அக்காலத்தில் முற்றாக ஓய்வதில்லை. முற்றத்திற் பாயை விரிப்பதும், தூறல் கண்டதும் பழங்களை அள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடுவதுமாகப் பல நாட்கள் கழிகின்றன. சில நாட்களுள் காம்படியிற் பூஞ்சணம் தோன்றும். பின்னர் பழத்தின் சிவப்பு மங்கி, வெளிறிய திட்டுக்கள் விழும். இவ்வாறு பழுதுபட்ட செத்தல் மிளகாயை வியாபாரி குறைந்த விலைக்கே கேட்பார். அது மாத்திரமன்று, ஈரம் நின்ற மிளகாயில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. ஈரலைக் கெடுக்கும் இந்நஞ்சு கறியிற் கொதித்தாலும் அழிந்துபோவதில்லை.

ஆகவே, வீட்டு வளவில் ஒரு சிறு கொட்டில் அமைத்து, அதனுள் வெப்பமூட்டி உலர்த்த வேண்டுமெனப் பல கமக்காரர் எண்ணுகின்றனர். கொட்டில் கட்டுவது பெரிய காரியமன்று. அதனை எதனாற் சூடாக்குவது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதே சிந்திக்க வேண்டியது. விறகு, உமி, சிரட்டை, மண்ணெண்ணெய், சமையல் வாயு, மின்சாரம் என வழிகள் பல உள. இவற்றுள் எது மலிவானது என்பதை மூடையின் விலையையோ போத்தலின் விலையையோ பார்த்துத் தீர்மானித்தல் தவறு. உங்கள் மிளகாயிலிருந்து ஒரு கிலோ நீரை வெளியேற்ற எவ்வளவு செலவாகின்றது என்பதே சரியான அளவுகோல்.

தொடங்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். பச்சை மிளகாய்க்கு நல்ல விலையுள்ள வாரமாயின், காய்களைப் பச்சையாகவே ஆய்ந்து விற்றுவிடுங்கள். எவ்வளவு சிக்கனமான அடுப்பாயினும் எரிக்காத அடுப்புக்கு ஈடாகாது.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

நூறு கிலோ பழுத்த மிளகாயை உலர்த்தினால் ஏறத்தாழ 25 கிலோ செத்தல் கிடைக்கும். மீதி 75 கிலோவும் நீர். சாதாரண வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்குவதற்கு ஏறக்குறைய 600 கிலோகலோரி வெப்பம் வேண்டும். எனவே 75 கிலோ நீருக்கு 45,000 கிலோகலோரி. இது எவ்வகையாலும் குறைக்க முடியாத தொகை.

ஆனால் எரிபொருளிற் பிறக்கும் வெப்பம் முழுவதும் மிளகாயைச் சென்றடைவதில்லை. ஒரு பகுதி புகைபோக்கியால் வெளியேறுகின்றது. ஒரு பகுதி சுவரிலும் கூரையிலும் ஒழிகின்றது. மற்றொரு பகுதி ஈரக்காற்றோடு மேலே போகின்றது. வெளியே அடுப்பும் உள்ளே சூட்டுக் குழாயும் கொண்ட ஒரு சாதாரண மண் கொட்டிலில், ஐந்திலொரு பங்கு பயன்பட்டாற் போதுமானதெனக் கொள்ளலாம். அக்கணக்கின்படி நூறு கிலோ பழத்துக்கு 2,25,000 கிலோகலோரி தரக்கூடிய எரிபொருளை நீங்கள் தேட வேண்டும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 3,400 கிலோகலோரி தரும். ஆகவே 66 கிலோ வேண்டும். உமி கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 தரும். 75 கிலோ வேண்டும். தேங்காய்ச் சிரட்டை 4,500 அளவில் தருவதால் 50 கிலோ போதும். மண்ணெண்ணெயாயின் அதே குழாய் வழியாக எரிக்க 27 லீற்றர். சமையல் வாயுவாயின் 20 கிலோவுக்குச் சற்று மேல்; அதாவது 12.5 கிலோ கொள்ளும் சிலிண்டரில் ஒன்றரைக்கு மேற்பட்டது. மின்சாரத்துக்குப் புகைபோக்கி வேண்டியதில்லை. வெப்பம் முழுவதும் கொட்டிலினுள்ளேயே பிறக்கும். ஆகவே ஐந்தில் இரு பங்கு பயன்படுமெனக் கொண்டால், ஓர் அலகு மின்சாரம் 860 கிலோகலோரி வீதம் 130 அலகுகள் செலவாகும்.

இவ்வளவுகளை உங்கள் ஊரில் இன்றுள்ள விலையாற் பெருக்கி, வரும் தொகையை 25 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ செத்தலுக்கு விழும் எரிபொருட் செலவு அதுவே. செத்தலின் விலைக்கும் ஈரப்பழத்தின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இச்செலவு விழுங்கிவிடுமாயின் அவ்வழி உங்களுக்கு உகந்ததன்று. மின்சாரத்தைக் கணக்கிடும்போது ஒன்றை மறவாதீர்கள். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக உயர்வது. மேலதிகமான 130 அலகுகளும் உங்கள் பட்டியலின் ஆகக் கூடிய படியிலேயே சேரும். ஆகவே சென்ற மாதத்துச் சராசரி விலையால் அவற்றைப் பெருக்குதல் பிழையாகும்.

மண்ணெண்ணெயையும் வாயுவையும் நம்பிக் கொட்டில் அமைப்போர் 2022ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நன்று. அவ்வாண்டு இவையிரண்டும் வரிசையில் நின்றும் கிடையாதிருந்தன. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. உங்கள் வளவிலும் அயலிலும் கிடைக்கும் எரிபொருளுக்கு இவ்வச்சம் இல்லை.

இவற்றைக் கொட்டிலினுள் திறந்த சுவாலையாக எரிப்பதில் வேறொரு குறையும் உண்டு. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீருக்குச் சமமான நீராவி உண்டாகின்றது. ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கும். நீரை வெளியேற்றவென்று காசு கொடுத்து, அக்காசாலேயே நீரை உள்ளே விடுவதாக அது முடியும். மண்ணெண்ணெயின் மணமும் மிளகாயிற் பற்றும். எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் அது போகாது.

உமி

நெல்லாலைக்கு அண்மையில் வாழ்வோருக்கு உமியைவிட மலிவான வெப்பம் இல்லை எனலாம். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. நூறு கிலோ மிளகாயை உலர்த்தத் தேவையான 75 கிலோ உமி, ஏறக்குறைய 18 புசல் நெல்லைக் குற்றும்போது கிடைத்துவிடும். ஆனால் உமி பாரமற்றது, இடத்தை அடைப்பது. ஒரு கன மீற்றர் உமியின் நிறை நூறு கிலோவளவே இருக்கும். தூரத்திலிருந்து வண்டிக்கூலி கொடுத்து ஏற்றி வந்தால், இலவசமாகக் கிடைத்த உமியும் விறகைவிட விலை கூடியதாகிவிடும். மழை தொடங்குமுன்னரே, புரட்டாதியில் ஏற்றிவந்து, கூரையின் கீழ்ச் சாக்குகளிற் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உமியை வெறுங் குவியலாக இட்டுத் தீ மூட்டினால் அது எரிவதில்லை, புகைந்துகொண்டே கிடக்கும். உள்ளே காற்றுப் புகாமையே காரணம். இதற்கு இரண்டு முறைகள் உள. முதலாவது, அடுப்பின் உள்ளே சாய்வாகப் படிக்கட்டைப் போல இரும்புப் பட்டங்களை அடுக்கி, மேலேயிருந்து உமியைச் சிறிது சிறிதாகச் சரியவிடுவது. படிகளின் இடைவெளியால் காற்று நுழைந்து சுவாலை எழும். இரண்டாவது முறை இன்னும் எளிது. அடியில் ஒரு துவாரமிட்ட பெரிய தகரத்தின் நடுவில் ஓர் உருளைக் கட்டையை நிறுத்தி, அதனைச் சூழ உமியை இறுக்கமாக அடைத்து, பின் கட்டையைத் திருகி மெதுவாக உருவிவிட வேண்டும். நடுவில் விட்ட குழியின் அடியில் தீ வைத்தால், சுவாலை குழிவழியே எழுந்து, உமி உட்புறமிருந்து வெளிப்புறமாக எரிந்துகொண்டு வரும். மரத்தூளை எரிக்கும் அடுப்பைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. உமியோடு மூன்றிலொரு பங்கு மரத்தூள் கலந்து, சிறிது நீர் தெளித்து அடைத்தால் குழி இடிந்து விழாது. இத்தகைய தகரங்கள் இரண்டை வைத்து, ஒன்று எரியும்போது மற்றையதை நிரப்பிக்கொள்ளலாம். விறகடுப்பைப் போல இரவெல்லாம் அருகிருந்து தள்ளிவிட வேண்டியதில்லை. கமக்காரரின் நித்திரைக்கும் ஒரு விலை உண்டென்பதைச் செலவுக் கணக்கு எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

விறகும் சிரட்டையும்

விறகில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்றே: அன்று வெட்டி அன்று எரித்தல். புதிதாய் வெட்டிய மரத்தின் நிறையிற் பாதியளவு நீராகும். அந்நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு செலவாவதால், பச்சை விறகு கிலோவுக்கு 1,900 கிலோகலோரிக்கு மேல் தருவதில்லை. காய்ந்த விறகு 66 கிலோ செய்யும் வேலைக்குப் பச்சை விறகு 118 கிலோ வேண்டும். அதுவும் புகைந்து, குழாயினுட் கீல்போற் படிந்து, வெப்பம் கடத்துவதையும் தடுக்கும். பாதி நீரை விறகின் விலைக்கு வாங்குவது யாருக்கும் இலாபமாகாது.

வேலியில் நிற்கும் கிளிரிசீடியா இதற்கு மிகவும் உகந்தது. ஆவணியிலோ புரட்டாதித் தொடக்கத்திலோ கிளைகளைத் தறித்து, இலை குழைகளை வயலுக்குப் பசளையாக இடுங்கள். கொம்புகளை மூன்றடி நீளமாக வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்டவற்றை இரண்டாகப் பிளந்து, நிலத்தில் முட்டாதபடி கல்லின்மேல் அடுக்கி, மேலே மாத்திரம் தகரத்தால் மூடிவிடுங்கள். பக்கங்களை மூடலாகாது, காற்றே விறகை உலர்த்துவது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டும்போது மந்தமான ஓசையின்றிக் கணீரென்று ஒலித்தால் விறகு காய்ந்துவிட்டது. முள்முருக்கு இலேசான மரம். விரைவில் எரிந்து முடியும். தீ மூட்டுவதற்கு மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னந்தோட்டங்களை அடுத்துள்ளோர் சிரட்டையைக் கவனியாது விடலாகாது. கொப்பறாச் சூளைகளிற் சிரட்டைகளை ஒன்றினுள் ஒன்று செருகி நீண்ட வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் மாத்திரம் தீ வைப்பர். தீ ஒரு சிரட்டையிலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகர்ந்து, பல மணித்தியாலம் ஒரே அளவான வெப்பத்தைத் தரும். இம்முறையை உங்கள் அடுப்புக்கும் அப்படியே கையாளலாம். ஆனால் சிரட்டைக்குக் கரிக்காரரிடம் நல்ல விலையுள்ள ஊராயின், சிரட்டையை விற்று விறகு வாங்குவதே புத்தி.

கொட்டிலின் அமைப்பு

எட்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட கொட்டில் நூறு கிலோ பழத்துக்குப் போதும். நடுவில் இரண்டடி நடைவழி விட்டு, இரு பக்கமும் நான்கு நான்கு தட்டுக்கள் அமைத்தால் ஏறத்தாழ பன்னிரண்டு சதுர மீற்றர் பரப்புக் கிடைக்கும். சதுர மீற்றருக்கு எட்டு அல்லது ஒன்பது கிலோவுக்கு மேல் பரப்ப வேண்டாம். தட்டுக்களை மூங்கிற் கீற்றாலோ வலையாலோ செய்தால் காற்றுக் கீழிருந்து மேலே செல்லும். பெரிய கொட்டில் கட்டிப் பாதியை வெறுமையாக விடுவது, வெறுஞ் சுவரைச் சூடாக்குவதாகும். இரண்டு பரப்பு மிளகாய் நட்டவர் தனியே கட்டாது, அயலவர் மூன்று நால்வருடன் சேர்ந்து ஒன்றைக் கட்டி முறைவைத்துப் பாவித்தல் நன்று.

சுவர் களிமண்ணாலும் கூரை தகரத்தாலோ ஓட்டாலோ இருக்க வேண்டும். கிடுகுக் கூரையின் கீழ் எவ்வித அடுப்பும் ஆகாது. தகரத்தின் உட்புறம் வைக்கோலும் களிமண்ணும் குழைத்துப் பூசினால் கூரையால் ஒழியும் வெப்பம் பெரிதும் குறையும். இச்செலவற்ற வேலையைச் செய்யாது அதிக விறகு எரிப்போரே பலர். சுவரும் கூரையும் சேருமிடத்து வெடிப்புக்களைச் சாணமும் மண்ணும் கலந்து அடையுங்கள்.

புகையிலைப் போறணையில் வெப்பம் செல்லும் முறையைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு வெளிச்சுவரில் இருக்கும். தீயும் புகையும் குழாயினுள் நிலத்தோடு ஒட்டிச் சென்று, மறுபக்கத்துப் புகைபோக்கியால் வெளியேறும். உள்ளே வருவது வெப்பம் மாத்திரமே. இங்கும் அதுவே முறை. குழாய் சற்று மேல்நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும். அடுப்பை அடுத்த முதல் நான்கடியை எண்ணெய்ப் பீப்பாவாலோ செங்கல்லாலோ அமையுங்கள். நாகம் பூசிய மெல்லிய தகரம் அவ்விடத்திற் செஞ்சூடேறினால் தீய புகையை விடும். பீப்பா வாங்கும்போது முன்னர் அதில் என்ன இருந்ததெனக் கேட்டறியுங்கள். பீடைநாசினி இருந்ததை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம். குழாய்க்கும் அடித்தட்டுக்கும் இடையே இரண்டரை அடியாவது இருக்கட்டும். இடையில் ஒரு கம்பிவலை கட்டுங்கள். காய்ந்த பழம் ஒன்று தவறிச் சூட்டுக் குழாயில் விழுந்தால், முதலில் உங்கள் கண்ணும் தொண்டையும் எரியும். பின்னர் கொட்டிலே எரியக்கூடும்.

கரிச்சட்டியை உள்ளே வைக்காதீர்கள்

அடுப்பும் குழாயும் அமைக்கும் செலவுக்கு அஞ்சி, சிலர் சட்டியிற் கரியை மூட்டிக் கொட்டிலின் நடுவில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகின்றனர். கரி புகைவதில்லை; ஆகவே தீங்கில்லையென எண்ணுகின்றனர். கரி அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, அயர்வு என்பன அதன் அறிகுறிகள். மழையிரவிற் காவலுக்கென்று கொட்டிலினுட் படுத்தவருக்கு அயர்வு நித்திரைபோலவே தோன்றும். அவர் விழித்தெழாது போகலாம். கரிச்சட்டியாயினும், புகைபோக்கியில்லாத வாயு அடுப்பாயினும், ஊமற்கரியாயினும் வேறுபாடில்லை. உள்ளே எவருக்கேனும் தலையிடி கண்டால் அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். குழாயில் வெடிப்பிருந்தாலும் இதே ஆபத்து நேருமாதலால், ஒவ்வொரு மாரிக்கும் முன்னர், பகலில் ஈர வைக்கோலை அடுப்பிலிட்டு, உள்ளே எங்கேனும் புகை கசிகின்றதா எனப் பார்த்து அடைத்துக்கொள்ள வேண்டும். எப்படியாயினும் கொட்டிலினுள் ஒருவரும் படுக்கலாகாது.

சூட்டை நடத்தும் முறை

ஆய்ந்த பழங்களை உடனே கொட்டிலில் ஏற்றாதீர்கள். அழுகலையும் பூச்சி துளைத்தவற்றையும் நீக்கி, காற்றோட்டமான தாழ்வாரத்தில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு நாள் வாடவிடுங்கள். இடையிடையே வெயில் எறித்தால் அதனையும் பயன்படுத்துங்கள். இவ்வாறு 25 கிலோ நீர் காற்றோடு போய்விட்டால், எரிபொருளில் மூன்றிலொரு பங்கு உங்களுக்கு மிச்சம். பூஞ்சணத்தின் முதல் அடையாளம் காணுமுன் கொட்டிலுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே இதிலுள்ள நிபந்தனை.

கொட்டிலினுள் 50 முதல் 55 செல்சியசுப் பாகை வெப்பம் போதும். 60ஐத் தாண்டவிட வேண்டாம். கூடிய சூட்டில் விரைவாக உலருமென்பது உண்மையே. ஆனால் தோல் கருகிக் கபில நிறமாகும். வெப்பமானி ஒன்றை வாங்கி நடுத்தட்டின் உயரத்தில் தொங்கவிடுங்கள். விதைக்கென வைத்த பழங்களை 40 பாகைக்கு மேற் சூடாக்கலாகாது. அதே கொட்டிலில் விதைநெல்லை உலர்த்துவோருக்கும் இதுவே எல்லை. அதற்கு மேற்பட்டால் முளைதிறன் குறையும்.

வெப்பத்தைப் போலக் காற்றும் முக்கியமானது. 26 பாகையிலுள்ள மழைக்காலக் காற்று ஒரு கன மீற்றரில் 24 கிராம் நீராவியையே தாங்கும். அதே காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினால் 83 கிராம் வரை தாங்கக்கூடியதாகின்றது. அவ்வாறு நீரைச் சுமந்த காற்று வெளியேறாவிடில் மிளகாய் உலராது; அவியும். ஆகவே குழாயின் கீழ்மட்டத்தில் இரு பக்கமும் காற்றுத் துவாரங்களும், கூரை முகட்டில் மூடித் திறக்கத்தக்க ஒரு வாயிலும் வேண்டும். முதல் நாள் முகட்டு வாயிலை முற்றாகத் திறந்து வையுங்கள். பின்னர் எவ்வளவு மூடலாமென அறிவதற்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். குளிர்ந்த கண்ணாடியை அவ்வாயிலிற் பிடியுங்கள். நீர்த்துளி அடர்த்தியாகப் படிந்தால் திறந்தபடியே விடுங்கள். மெல்லிய ஆவி மாத்திரம் படிந்தால் பாதியை மூடுங்கள். ஒன்றும் படியாவிடில், காய்ந்த சூட்டையே வெளியே விடுகின்றீர்கள்; நான்கிலொரு பங்கு மாத்திரம் திறந்திருக்கட்டும்.

கீழ்த்தட்டுப் பழங்கள் முந்தி உலருமாதலால், காலையும் மாலையும் தட்டுக்களை மேல்கீழாக மாற்றுங்கள். வாடவிட்ட பழம் இரண்டு மூன்று நாட்களில் உலர்ந்துவிடும். ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினால் விதைகள் கலகலக்க வேண்டும். மடித்தால் தோல் வெடிக்க வேண்டும். காம்படியில் மென்மை இருக்கலாகாது. சூடு ஆறுமுன் மூடை கட்டினால் உட்புறம் வியர்த்து மறுபடியும் பூஞ்சணம் பிடிக்கும். ஓரிரவு ஆறவிட்டு, ஈரம் புகாத பொலித்தீன் உறையிலிட்டு இறுகக் கட்டி, நிலத்திலிருந்து உயர்த்திய பலகையின்மேல் அடுக்குங்கள்.

75 கிலோ உமி எரிந்தால் 15 கிலோவளவு சாம்பல் மிஞ்சும். அதனை வேலிப்புறத்திற் கொட்டிவிடாது நாற்றுமேடைக்கும் வயலுக்கும் எடுத்துவையுங்கள்; அதிலுள்ள சிலிக்கா நெற்பயிரின் தண்டையும் இலையையும் உறுதியாக்கி, எரிபந்த நோயைத் தாங்கும் வலிமையைக் கொடுக்கும். கொட்டிலின் இடம் குறித்தும் அடுப்பின் அளவு குறித்தும் ஐயமிருப்பின், கட்டத் தொடங்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு, வளவைக் காட்டி ஆலோசனை பெறலாம்.